பதினைந்தாம் தேதி

கமுதியில் டவுன் பஸ் ஏறும்போது காலை ஏழு மணி. 2024, ஜூலை 15. ஆடி பிறக்க இன்னும் இரண்டு நாள். காற்று அதற்குள் புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் பாதிக்கு மேல் பெண்கள். 2021 மே மாதத்திலிருந்து அவர்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. கண்டக்டர் கிழித்துக் கொடுத்த சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "ஒனக்கு ஏறிருச்சா?"

"மெசேஜு இன்னும் வரல மதினி. பத்து மணிக்கு மேலதான் வரும்."

என்ன ஏறியது என்று யாரும் கேட்கவில்லை. தெரிந்த விஷயம். 2023 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், அவர் பிறந்த காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய். தொடக்கத்தில் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு. சென்னையில் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை; நானும் பேசியிருக்கிறேன். பணம் ஏறும் நாளில் ஓர் ஊரில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இருந்து பார்க்க வேண்டும் என்றுதான் கிளம்பி வந்தேன். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ள பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். கடன் கதையெல்லாம் பேசியிருக்கிறோம், அது வெளியே தெரிய வேண்டாம் என்றார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து மானாவாரி ஊர் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இறங்கிய இடத்தில் சாலையின் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். அதற்குள் ஒரு மண்பாதை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஐப்பசியில் மழை விழுந்தால்தான் இங்கே நெல், மிளகாய் எல்லாம். அதுவரை ஊருக்குச் சோறு போடுவது அந்தக் கருவேலம்தான்: வெட்டு, மூட்டம், கரி.

பிள்ளையார் கோயில் வேப்பமரத்தடியில் ஒன்பதரை மணிக்கே கூட்டம். வங்கியின் சார்பில் பணம் பட்டுவாடா செய்யும் பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கி, பையிலிருந்து உள்ளங்கை அகல மிஷினை எடுத்தார். ஊரில் அவருக்குப் பெயர் 'மிஷின்காரப் பொண்ணு'. ஆதார் எண்ணை அழுத்தி, கட்டை விரலை வைத்தால் பணம். வங்கிக் கிளைக்குப் போய் வந்தால் அரை நாள் கூலி போய்விடும் என்பதால் பலரும் இங்கேதான் வாங்குகிறார்கள்.

முதலில் உட்கார்ந்தது ஒரு அப்பத்தா. வயது எழுபதுக்கு மேல். அவருக்கு வர வேண்டியது முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். போன தடவை ரேகை விழாததால் வாங்க முடியாமல் போயிருக்கிறது. வலது கட்டை விரலை வைத்தார். மிஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது. இடது. சிவப்பு. பெண் ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினார். அப்பத்தா விரலைக் கழுவி, முந்தானையில் துடைத்து, மறுபடி வைத்தார். சிவப்பு.

அந்த விரலை நான் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். ரேகை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. ஐம்பது வருடம் அரிவாள்மணையும் கருவேல முள்ளும் கரியும் தேய்த்துத் தேய்த்து, கூழாங்கல் போல வழுவழுப்பாகிவிட்டது. ஓரத்தில் மட்டும் கறுப்பாக இரண்டு வெடிப்பு. யாரோ வீட்டிலிருந்து சொட்டுத் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார்கள். எண்ணெய் தடவி, துடைத்து, ஆள்காட்டி விரலை வைத்தார்கள். ஏழாவது தடவை பச்சை. கூட்டத்தில் எல்லாருமே மூச்சு விட்டோம்.

"ஒழைச்ச கைன்னு அந்த மிஷினுக்கு என்னத்தத் தெரியும் தாயி," என்றார் அப்பத்தா என்னைப் பார்த்து. இரண்டு ஐந்நூறு, இரண்டு நூறு. எண்ணி, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மடித்தார். ஒரு நூறை மட்டும் உடனே வெளியே எடுத்து, பக்கத்தில் நின்ற பேத்தியிடம் கொடுத்து, "கடையில குடுத்து நோட்டுல அடிக்கச் சொல்லு," என்றார். சொன்ன குரலில் ஓர் அதிகாரம் இருந்தது. மகன் வீட்டில் சாப்பிடும் கிழவிக்கும், மகன் வீட்டுக்கு எண்ணெய் வாங்கிப் போடும் கிழவிக்கும் குரல் ஒன்றாக இருக்காது.

இந்த உதவித்தொகை இந்த மாநிலத்தில் 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011இல் 1,000 ஆனது. 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. மத்திய அரசின் தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கான பங்கோ பல ஆண்டுகளாக 200 ரூபாயிலேயே நிற்கிறது. அப்பத்தாவின் கையில் இருக்கும் நோட்டுகளில் மிச்சமெல்லாம் மாநிலத்தின் காசு.

பேத்தியோடு நானும் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் கல்லாவுக்குக் கீழேயிருந்து இரண்டு நீள நோட்டுகளை எடுத்துப் போட்டார். ஒன்று பழையது, 2022. பக்கத்துக்கு ஒரு வீடு. 'எண்ணெய் 20', 'பருப்பு 15', 'தேயிலை 5', 'வெத்திலை 10' என்று வரிவரியாக இறங்கிக்கொண்டே போகும். வரவு எப்போதாவதுதான், அதுவும் பொங்கலுக்கு, மிளகாய் வித்த பிறகு, அல்லது யாரோ திருப்பூரிலிருந்து பணம் அனுப்பும்போது. புதிய நோட்டில் மாதா மாதம் 15, 16, 17 தேதிகளில் பச்சை மையில் வரவு.

"முன்னெல்லாம் இருபது ரூவாய்க்கு எண்ணெய் ஊத்துங்கம்பாங்க. கிண்ணத்தக் கொண்டாருவாங்க. இப்ப லிட்டர் பாக்கெட்டு போகுது. முட்ட ரெண்டு அட்ட போடுவேன், இந்த வாரம் அஞ்சு அட்ட."

கேட்க இது சின்ன மாற்றம்தான். ஆனால் இருபது ரூபாய்க்குச் சில்லறையில் எண்ணெய் வாங்குகிறவள், லிட்டராக வாங்குகிறவளைவிட ஒரு கரண்டிக்கு அதிக விலை கொடுக்கிறாள். காசு இல்லாத வீடுதான் எல்லாவற்றுக்கும் அதிக விலை கொடுக்கிறது. மாதத்தில் ஒரு நாள் முழு ஆயிரம் கையில் இருப்பது அந்தத் தண்டனையிலிருந்து கொஞ்சம் விடுதலை.

கென்யாவின் மேற்குப் பகுதியில் 653 கிராமங்களில் சுமார் 10,500 ஏழைக் குடும்பங்களுக்குத் தலா 1,000 டாலர் அளவுக்குப் பணமாகவே கொடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பொருளாதார ஆய்வாளர்கள் பார்த்தார்கள். கொடுத்த ஒவ்வொரு டாலரும் அந்தப் பகுதிக்குள் இரண்டரை டாலர் அளவுக்குப் புரண்டது. பணம் வாங்காத வீடுகளுக்கும் வருமானம் கூடியது. விலைவாசியோ மிக மிகக் கொஞ்சம்தான் ஏறியது. அந்தக் கணக்கு எப்படி வேலை செய்யும் என்பதை இந்தக் கடையின் பச்சை மை எனக்குக் காட்டியது. அப்பத்தாவின் நூறு ரூபாய் கடைக்காரருக்கு; அவரிடமிருந்து முட்டை வண்டிக்காரருக்கு; மத்தியானம் வண்டிக்காரர் சாப்பிடுவது இதே ஊரில் இட்லி சுட்டு விற்கும் ஓர் அக்கா வீட்டில்.

கடைக்கு மூன்று வீடு தள்ளி, ஓர் அக்கா என்னை அடுப்படிக்கே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். சிலிண்டர் மூலையில் இருந்தது, மேலே துணி மூடி. "எண்ணூறு ரூவா தாண்டிருச்சு. விருந்தாளி வந்தா மட்டும்தான் அதப் பத்த வைக்கிறது." அன்றைக்கு விறகடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, காய் முருங்கை, கூடவே நாலு முட்டை.

ஆயிரம் ரூபாயில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை.

"அரிசி ரேஷன்ல சும்மா வந்துருது. சோறு இருக்கும், கொழம்புக்குத்தான் காசு வேணும்."

ஒரே வாக்கியத்தில் விஷயத்தை முடித்துவிட்டார். அரிசியா, பணமா, எது நல்லது என்று மேடைகளில் நடக்கும் வழக்கு இந்த அடுப்படியில் எடுபடாது. அரிசி இலவசமாக வருவதால்தான் ஆயிரம் ரூபாய் குழம்புக்கும் மாத்திரைக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் போகிறது. அரிசியை நிறுத்திவிட்டுப் பணத்தைக் கொடுத்தால் அந்தப் பணம் அரிசிக்கே போய்ச் சேரும். முட்டை மறுபடி இரண்டு அட்டையாகிவிடும்.

பிறகு அவர் தன் கடனைப் பற்றிப் பேசினார். மாமனார் சாவுக்கு 5,000 ரூபாய், பத்து வட்டிக்கு வாங்கியது. நூறுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி. மாதம் 500 ரூபாய் வட்டி கட்டிக் கட்டியே இரண்டு வருடம் ஓடியிருக்கிறது. கொடுத்த வட்டி மட்டும் 12,000. அசல் அசையவில்லை. கையில் சேர்ந்தாற்போல் பணம் வந்தால் அடைக்கலாம். அப்படி ஒரு நாள் வரவேயில்லை. உரிமைத் தொகை முதல் மாதம் ஏறியதும், கடன் கொடுத்தவரிடம் போய்ப் பேசினாராம்: "மாசாமாசம் பதினஞ்சாம் தேதி ஆயிரம் தாரேன். வட்டி போக மிச்சத்த அசல்ல கழிங்க." அவரும் ஒத்துக்கொண்டார். முதல் மாதம் வட்டி 500, அசல் 500. அடுத்த மாதம் வட்டி 450. அதற்கடுத்து 395. எட்டாவது மாதம், சித்திரையில், முந்நூறுக்கும் குறைவாகக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்.

"அவரு ஏன் ஒத்துக்கிட்டாரு?" என்றேன்.

"நான் சொல்லல, தேதிதான் சொல்லுச்சு. எங்கிட்ட அதுக்கு முன்ன ஒரு தேதி கெடயாதுல்ல."

அவர் அடுப்பை ஊதப் போய்விட்டார். நான் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாதச் சம்பளக்காரர்களான நாம் தேதியைக் கவனிப்பதே இல்லை. இந்த ஊரில் வரும் காசு எதற்கும் தேதி கிடையாது. மழைக்குத் தேதி இல்லை. கரி லோடு எப்போது ஏறும் என்று தெரியாது. நூறு நாள் வேலையில் 2024-25இல் கூலி 319 ரூபாய் என்று இருந்தது. செய்த வேலைக்குப் பணம் எந்த வாரம் ஏறும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கத் தேதியில்லாமல் சம்பாதித்தவளுக்கு, தேதி போட்டு, அவள் பெயரில், அவள் கணக்கில் ஒரு தொகை வருகிறது. நாளுக்கு 33 ரூபாய்தான். ஆனால் அதை நம்பி ஒரு பேச்சுப் பேச முடிகிறது. ஒரு வாக்குக் கொடுக்க முடிகிறது. ஆயிரத்தின் பெறுமதி பாதிக்கு மேல் அந்த நிச்சயத்தில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஆகவே ஒரு மாதம் தள்ளிப்போட்டாலும் அது வெறும் தாமதம் ஆகாது. அவள் கொடுத்த வாக்கை நாம் முறிப்பதாகும். திட்டம் தொடங்கிய நாள்களில், சில பெண்கள் கணக்கில் ஏறிய முதல் ஆயிரத்தையே குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கிகள் பிடித்துக்கொண்டன. இந்த ஊரிலும் இரண்டு பேருக்கு அப்படி ஆனது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

எல்லா வீட்டிலும் கதை இப்படி நல்லபடியாக முடியவில்லை. தெருக்கோடியில் ஒரு வீட்டில், ஆயிரம் வந்த கையோடு குழுக் கடனின் டியூவுக்குப் போகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1,150 ரூபாய். "எங்கையில அது நிக்கிறதே இல்ல. மெசேஜுதான் எனக்கு, காசு குழுவுக்கு," என்றார் அந்த அம்மா. இன்னொரு வீட்டில் கணவருக்குச் சிறுநீரகம் பழுது. ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வழிச் செலவுக்கே பணம் காணவில்லை. அங்கே ஆயிரத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆம்பளைகள் கையில் போனால் டாஸ்மாக்குக்குப் போய்விடும் என்ற பேச்சையும் விசாரித்தேன். ஒரு வீட்டில் நடந்திருக்கிறது. இரண்டாவது மாதம் கணவர் ஏ.டி.எம். கார்டை எடுத்துப்போய் ஐந்நூறைக் குடித்துவிட்டு வந்திருக்கிறார். அடுத்த மாதத்திலிருந்து அவள் கார்டைத் தன் அம்மா வீட்டில் வைத்துவிட்டு, விரல் வைத்தே எடுக்கிறாள். "விரலக் களவாங்க முடியாதுல்ல," என்றாள். ஊரில் மற்றபடி இதைப் பற்றிப் பெரிய புகார் இல்லை. உலக வங்கிப் பொருளாதார ஆய்வாளர்கள் இரண்டு பேர் 2014இல் பல நாடுகளின் 19 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, பண உதவியால் குடியும் புகையிலையும் கூடவில்லை என்றுதான் சொன்னார்கள். ஏழைக்குப் பணம் கொடுத்தால் கெட்டுப்போவான் என்பது, இல்லாதவர்களைப் பற்றி இருக்கிறவர்கள் சொல்லிக்கொள்ளும் பழைய கதை.

வேலைக்குப் போகமாட்டார்கள் என்பது இன்னொரு பேச்சு. அதற்குப் பதில் தேடித்தான் உச்சி வெயிலில் கரி மூட்டத்துக்கு நடந்தேன்.

ஊருக்கு வெளியே, வெட்டிய காட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மண்மேடு. உள்ளே கருவேலக் கட்டைகளை அடுக்கி, மேலே செத்தையும் மண்ணும் போட்டு மூடி, தீ வைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் உள்ளுக்குள்ளேயே வேகும். காற்று எங்காவது மண்ணைப் பெயர்த்தால் தீ குபீரென்று எழும்பி மூட்டமே சாம்பலாகிவிடும். அதனால் ராத்திரியும் பகலும் ஆள் நிற்க வேண்டும். பக்கத்தில் பிரித்த மூட்டத்தில் ஆறு பெண்கள் கரியைத் தரம் பிரித்து மூட்டையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். வேரடியில் இருந்து வரும் தூர்க்கரிக்கு விலை அதிகம். அதைத் தனியாகப் பொறுக்க வேண்டும். ஆறு பேரில் ஐந்து பேர் உரிமைத் தொகை வாங்குகிறவர்கள். ஆயிரம் வருகிறதே, ஏன் இந்த வெயிலில் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கரி படிந்த முகங்களுக்கு முன்னால் நின்றிருக்க முடியாது.

2011-12இல் மத்தியப் பிரதேசத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, யூனிசெஃப் உதவியோடு, எட்டுக் கிராமங்களில் எல்லாருக்கும், பெரியவருக்கு மாதம் 200, குழந்தைக்கு 100 என்று கொடுத்து ஒன்றரை வருடம் போலப் பார்த்தது. பின்னர் அது 300, 150 ஆனது. அங்கே யாரும் சும்மா உட்காரவில்லை. கூலிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு தங்கள் சொந்த நிலத்தில் கூடுதலாக உழைத்தார்கள். இங்கே ஓர் அக்கா அதையே வேறு விதமாகச் சொன்னார்: "போன வருசம் மொளகா வெதைக்குக் கடன் வாங்கல. அதனால காய யாருகிட்ட விக்கணும்னு நாந்தான் முடிவு பண்ணேன்." கடன் கொடுத்த வியாபாரியிடமே, அவர் சொன்ன விலைக்கே போட வேண்டிய கட்டாயம் அந்த ஒரு பருவம் இல்லாமல் போனது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய்தான் அது. குறியீடு வந்ததால் கிடைத்ததைவிட இந்தச் சுதந்திரம் அவருக்குப் பெரிது.

ஆறாவது பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்கும். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, யாரோடும் பேசாமல் வேகவேகமாக அள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வரவில்லை. இரண்டு மருமகள்கள், ஒரே ரேஷன் கார்டு; ஒரு கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான். மூத்தவளுக்குப் போகிறது. உலை தனித்தனியாகி மூன்று வருடம். கார்டு மட்டும் பிரியவில்லை.

ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை ஐந்து ஏக்கர் அல்லது புஞ்சை பத்து ஏக்கருக்குள், மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று விதிகள். அவள் வீட்டில் ஒரு ஃபேன், இரண்டு பல்பு. நிலம் குத்தகை. விதி எதுவும் அவளை விலக்கவில்லை. ஒரு அட்டைதான் விலக்கியது. முதல் சுற்றில் 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். கிடைக்காதவர்களில் வசதியானவர்களும் உண்டு. இவளைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். உரிமை என்று பெயர் வைத்திருக்கிறோம். பெயர் சரியானது, வீட்டு வேலைக்குக் கூலியே பேசாத சமூகத்தில் அந்தச் சொல் மிகச் சரியானது. உரிமை என்று சொன்ன பிறகு ஓர் அட்டையைக் காட்டி மறுக்கக் கூடாது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி பிள்ளையார் கோயில் திண்ணை. குளித்து, தலை வாரி, பதினோரு பெண்கள். சீட்டு. உரிமைத் தொகை வர ஆரம்பித்த மூன்றாவது மாதம் அவர்களாகவே தொடங்கியது. ஆளுக்கு ஆயிரம், குலுக்கலில் பெயர் வந்தவளுக்கு அந்த மாதம் பதினோராயிரம். மாதம் ஆயிரமாக வந்தால் குழம்பில் கரைந்துவிடும், மொத்தமாக வந்தால் ஏதாவது நிற்கும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். இதுவரை எடுத்தவர்களில் இரண்டு பேர் ஆடு பிடித்திருக்கிறார்கள். ஒருத்தி கூரைக்குத் தகரம் போட்டிருக்கிறாள். ஒருத்தி அடகில் இருந்த தோட்டை மீட்டிருக்கிறாள். கடைக்கும் சீட்டுக்குமாக ஆயிரத்தை எப்படி இழுக்கிறீர்கள் என்று கேட்டேன். கரிக்காசையும் நூறு நாள் வேலைக் காசையும் சேர்த்துத்தான் என்றார்கள். ஒரு மாதம் அதில் எது தட்டினாலும் தாங்கிக்கொள்ள இது இருக்கிறது.

பதினோராவது ஆள் அந்தக் கரிக்காட்டுப் பெண். கரிக் கூலியிலிருந்து கட்டுகிறாள். போன மாதம் கட்ட முடியவில்லை. மற்ற பத்துப் பேரும் ஆளுக்கு நூறு போட்டுச் சமாளித்தார்களாம்.

துண்டுச் சீட்டுகளைச் சுருட்டி ஒரு சில்வர் டம்ளரில் போட்டார்கள். அப்பத்தாவின் பேத்தி கையை விட்டு ஒன்றை எடுத்தாள். பெயர் வந்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு இட்லிக்கார அக்காவைப் பார்த்து, "ஒம் மக காலேஜு கட்டணத்துக்கு எப்ப கடசி நாளு?" என்றார். மாத முடிவுக்குள் என்று பதில் வந்தது. "அப்ப இந்த மாசம் நீ எடு. ஒனக்கு வரும்போது நா எடுத்துக்கிறேன்." அந்த மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் தனியாக வரும், கல்லூரியில் சேர்ந்த பிறகு. சேருவதற்குத்தான் இப்போது பணம் வேண்டும். பணத்தை எண்ணினார்கள். ஐந்நூறும் நூறும் கசங்கலும் புதுசுமாகப் பதினோராயிரம்.

ஏழு மணி பஸ்ஸுக்கு நான் எழுந்தபோது கரிக்காட்டுப் பெண் பின்னாலேயே வந்தாள். நகக்கண்ணில் இன்னும் கரி போகவில்லை. மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு மனுவின் நகலை நீட்டினாள். கார்டைப் பிரிக்கக் கொடுத்தது. மேலே ஒரு எண்.

"அக்கா, இது எங்க நிக்குதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நாளைக்கே வேணும்னு கேக்கல. எந்தத் தேதின்னு தெரிஞ்சாப் போதும்."

பஸ் விளக்கு வெளிச்சத்தில் அந்த எண்ணை எழுதிக்கொண்டேன். சரியாக இருக்கிறதா என்று அவள் ஒவ்வோர் இலக்கமாகப் படித்துப் பார்த்தாள்.